டுரோவர் என்னும் சொல்லும் மாடோட்டு வணிகமும்

வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மலைநாடுகளில் வளர்ந்த மாடுகளை விலைக்கு வாங்கி, அவற்றைப் பல நூறு மைல் தொலைவு நடத்தியே இங்கிலாந்தின் சமவெளிச் சந்தைகளில் கொண்டு சேர்த்து விற்றவரை ஆங்கிலம் ‘டுரோவர்’ என்று அழைத்தது. இடைக்காலத்தில் வேர்கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதை பரவியபின் தேய்ந்துபோன இத்தொழில், லண்டன் போன்ற பெருநகரங்களின் இறைச்சித் தேவையை நிறைவு செய்ததோடு, காசு புழக்கம் குறைந்த மலையூர்களுக்குப் பணத்தைக் கொண்டு சேர்த்த வழியாகவும் இருந்தது. தொழில் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் சொற்கள் பாதைகளின் பெயர்களிலும் விடுதிகளின் பெயர்ப் பலகைகளிலும் தங்கியிருக்கின்றன. ஆனால் அச்சொற்களில் எது அந்தத் தொழிலைச் சரியாகச் சொல்கிறது என்பது ஆராயத்தக்கது.

சொல்லின் வேர் பழைய ஆங்கில வினையான ‘டிரீஃபன்’. ஓட்டுதல், துரத்துதல் என்பன அதன் பொருள். தமிழ்ப் பேச்சில் நெடுங்காலமாக வழங்கும் ‘டிரைவர்’ என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். அவ்வினையோடு ஒட்டிய ‘டிராஃப்’ என்னும் பெயர்ச்சொல் ஓட்டும் செயலையும் ஓட்டப்படும் மந்தையையும் ஒருசேரக் குறித்தது. அது ‘டுரோவ்’ என உருமாறியபின் மந்தை நடந்துபோகும் பாதைக்கும் பெயராயிற்று. செயல், செயப்படுபொருள், இடம் ஆகிய மூன்றையும் ஒரே சொல் சுமக்க நேர்ந்ததால், பழைய ஆவணம் ஒன்றில் ‘டுரோவ்’ என்று வரும்போது அது மாடுகளைக் குறிக்கிறதா, மண்ணைக் குறிக்கிறதா என்பதை இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாதை என்னும் பொருளே நிலத்தில் மிக ஆழமாகப் பதிந்தது. தென்கிழக்கில் உள்ள கென்ட் மாவட்டத்தில், கடலோரத்து ஊரார் இலையுதிர்காலத்தில் தங்கள் பன்றிகளை உள்நாட்டுக் காடான வீல்டுக்கு ஓட்டிச்சென்று, ஓக் மரத்தின் கொட்டைகளை மேயவிடும் வழக்கம் நார்மானியர் வருகைக்கு முன்பே இருந்தது. காட்டினுள் ஒவ்வோர் ஊருக்கும் உரிமையாயிருந்த மேய்ச்சலிடத்துக்கு ‘டென்’ என்று பெயர். இன்றுள்ள டென்டர்டன் நகரத்தின் பெயர் ‘தானெட் மக்களின் டென்’ என்று விரியும், தானெட்டோ அங்கிருந்து நெடுந்தொலைவில் கென்டின் கீழ்க்கோடியில் இருக்கிறது. ஆண்டுதோறும் பன்றிகள் நடந்து தேய்த்த இத்தடங்களே கென்ட் நாட்டுப்புறத்தின் பழைய சாலைகளாக இன்றும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடுகின்றன. கிழக்கே ஃபென் என்னும் சதுப்புவெளியிலும் மேற்கே சாமர்செட்டின் தாழ்நிலங்களிலும் ‘டுரோவ்’ என்று முடியும் பாதைப் பெயர்கள் ஏராளம். அவை பெரும்பாலும் ஊரார் தங்கள் மாடுகளை அருகிலுள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிய வழிகள். பெயரில் ‘டுரோவ்’ இருப்பதைக் கண்டதுமே அவ்வழியாக வேல்ஸ் மாடுகள் லண்டனுக்குப் போயின என்று எழுதிவிடும் ஊர் வரலாற்று நூல்களை ஐயத்தோடு படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஓட்டுபவர் என்னும் பொருளில் ‘டுரோவர்’ தோன்றியபின், அச்சொல்லைச் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் விற்பவர் விலையை ஏற்றிவிடுவார் என்ற அச்சமும், ஊர்விட்டு ஊர் திரிபவர் எவரும் நாடோடியாகவோ திருடராகவோ இருக்கக்கூடும் என்ற ஐயமும் டியூடர் ஆட்சியாளருக்கு இருந்தன. 1552-ஆம் ஆண்டுச் சட்டம் டுரோவர் உரிமம் பெறவேண்டும் என்றது. எலிசபெத் அரசியின் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கி, உரிமம் கேட்பவர் திருமணமானவராகவும் சொந்தமாகக் குடித்தனம் நடத்துபவராகவும் முப்பது வயது நிரம்பியவராகவும் இருக்கவேண்டும் என்று வரையறுத்தது. 1627-இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தை ஓட்டினால் 20 ஷில்லிங் தண்டம் என்றது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மற்ற வணிகர்க்குக் கிடைத்த திவால் பாதுகாப்பு டுரோவருக்கு மறுக்கப்பட்டது. உழவரிடம் மாடுகளைக் கடனாக வாங்கிச்சென்று, விற்ற பணத்தோடு திரும்பாமலே இருந்துவிட்டு, திவாலானதாகக் காட்டித் தப்பிக்கும் வழியை அடைப்பதே நோக்கம். அதே நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டாரிடமிருந்து அரசு படைக்கலங்களைப் பறித்தபோது டுரோவர்களுக்கு மட்டும் விலக்களித்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், அரசு அவர்களை நம்பவும் இல்லை, அவர்களின்றி இருக்கவும் முடியவில்லை என்பது புலனாகும்.

வேல்ஸ் மொழி இதே தொழிலாளரை வேறு கோணத்தில் நோக்கியது. அங்கே டுரோவருக்கு வழங்கிய பெயர் ‘போர்த்மோன்’. அதுவும் ஆங்கிலத்திலிருந்து பெற்ற கடன்சொல்தான், ஆனால் ஓட்டும் வினையோடு அதற்குத் தொடர்பில்லை; ‘போர்ட்மன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே அதன் மூலம். பழைய ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்பது துறைமுகத்தோடு சந்தை நகரத்தையும் குறித்தது. ஆகவே ‘போர்ட்மன்’ என்பவர் நகரத்து வணிக உரிமை உடையவர். மாடுகளைக் கூலிக்கு ஓட்டிச் சென்றவரை வேல்ஸ் மொழி ‘கெர்ரூர்’, அதாவது ஓட்டுபவர், என்று தனியே பிரித்தது. இன்று அதே சொல் வாகன ஓட்டுநரைக் குறிக்கிறது. ஆங்கிலம் ஒன்றாகப் பிணைத்த இருவரை, முதல் போட்டு வாங்கி விற்ற வணிகரையும் கோலேந்தி நடந்த கூலியாளரையும், வேல்ஸ் மொழி இவ்வாறு பிரித்தறிந்தது. தொழிலின் உள்ளமைப்பை இந்தப் பாகுபாடே செம்மையாகக் காட்டுகிறது. ஏனெனில் டுரோவரின் திறமை மாட்டை நடத்துவதில் இருந்ததைவிட, பிறர் பணத்தையும் பிறர் நம்பிக்கையையும் கைக்கொண்டு திரும்பி வருவதில் இருந்தது.

அந்தப் பணத்தின் அளவை, 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின்போது யார்க் நகரப் பேராயர் ஜான் வில்லியம்ஸ் உணர்த்தினார்: வேல்ஸுக்குப் பொன்னும் வெள்ளியும் கொண்டுவரும் ஸ்பானியக் கப்பற்படை என்று அவர் மந்தைகளை வருணித்தார். உழவர் பலர் தம் மாடுகளைக் கைமாற்றிவிட்டு, போர்த்மோன் திரும்பும்வரை விலைக்காகக் காத்திருந்தனர்; நிலக்கிழார்கள் லண்டனில் செலுத்தவேண்டிய வாடகையையும் வரியையும் அவரிடமே கொடுத்தனுப்பினர். இந்த நம்பிக்கை முறிந்த கதைகளும் உண்டு. லாண்டவரி ஊரின் பாதிரியாராயிருந்த ரீஸ் பிரிச்சர்டு (1579–1644) தம் அறவுரைப் பாடல்களில் போர்த்மின்னுக்கு, அதாவது போர்த்மோன்களுக்கு, நேர்மை கற்பிக்கத் தனியே இடம் ஒதுக்கினார் என்பதே ஏமாற்று வழக்கம் இருந்ததற்குச் சான்று. எனினும் நெடும்பயணம் அவர்களிற் சிலரைப் புலவராகவும் ஆக்கியது: 1689-இல் எசெக்ஸில் மறைந்த எட்வர்டு மாரிஸ் பாடல் புனைந்த போர்த்மோன், காயோ ஊர் டாவித் ஜோன்ஸ் (1711–1777) மாடோட்டிச் சென்ற இடங்களில் ஆங்கிலம் கற்று, ஐசக் வாட்ஸின் சங்கீதங்களை வேல்ஸ் மொழியில் பெயர்த்தார்.

நாணயத்தைச் சுமந்து மலைவழியே திரும்புவது ஆபத்து. எனவே நாளடைவில் காகிதச் சீட்டு நாணயத்தின் இடத்தைப் பிடித்தது. 1799-இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர் லாண்டவரியின் கிங்ஸ் ஹெட் விடுதியில் தொடங்கிய வங்கியின் தாள்களில் கறுப்பு எருதின் படம் இருந்ததால், மக்கள் அதைக் ‘கறுப்பு எருது வங்கி’ என்றே அழைத்தனர். அபெரிஸ்ட்வித், டிரெகாரன் ஊர்களில் சிறிது காலமே நடந்த இன்னொரு வங்கியின் தாள்களில் ஆடு பொறிக்கப்பட்டிருந்தது: ஒரு பவுண்டுத் தாளுக்கு ஓர் ஆடு, இரண்டு பவுண்டுக்கு இரண்டு, பத்து ஷில்லிங்குக்கு ஆட்டுக்குட்டி. எழுத்தறியாதவரும் தாளின் மதிப்பைக் கால்நடைகளை எண்ணியே அறிந்துகொண்ட இந்த ஏற்பாடு, பேராயரின் உவமையைவிடத் தெளிவாகத் தொழிலின் இயல்பைக் காட்டுகிறது. கறுப்பு எருது வங்கி 1909-இல் லாயிட்ஸ் வங்கியோடு இணைந்தது. லாயிட்ஸின் சின்னமோ கறுப்புக் குதிரை.

நடைக்குரிய சொற்களும் கருவிகளும் தனித்தன்மை வாய்ந்தவை. மாட்டின் குளம்பு பிளவுபட்டதாதலால் குதிரை லாடம் அதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு காலுக்கும் பிறைபோன்ற இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் தேவைப்பட்டன. ‘கியூ’ எனப்பட்ட இத்தகட்டை அடிக்கக் கயிறு வீசி மாட்டைத் தரையில் சாய்த்து, கால்களைக் கட்டிய பிறகே கொல்லர் வேலை தொடங்குவார். வாத்துகளின் கால்களைத் தாரிலும் மணலிலும் தோய்த்து நடத்திய செய்தியும் வழங்குகிறது. மந்தை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் போவதில்லை. விரைந்தால் உடல் மெலியும், மெலிந்தால் விலை இறங்கும். முன்னதாகச் சென்று இரவுக் கிடைக்கு மேய்ச்சல் பிடிப்பவரை ஸ்காட்லாந்தில் ‘டாப்ஸ்மன்’ என்றனர். ஸ்கை தீவிலிருந்து வந்த மாடுகள் கைல்ரேயாவிலிருந்து கிளெனெல்க் கரைக்கு நீந்தியே கடந்தன: தாடையின் கீழ் வளையமாகக் கயிறு கட்டி, நாக்கு மடங்காதபடி விட்டு, அடுத்த மாட்டின் கயிற்றை முன்னதன் வாலில் முடிந்து, முதல் மாட்டைப் படகின் பின்னே பிணைத்தனர். ஆங்கிள்சி தீவின் மாடுகளும் 1826-இல் டெல்ஃபோர்டின் தொங்குபாலம் எழும்வரை மெனாய் நீரிணையை நீந்தியே கடந்தன.

ஸ்காட்லாந்து மந்தைகள் கூடிய பெருஞ்சந்தைக்கு ‘டிரிஸ்ட்’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் வேட்டையின்போது ஒருவர் காத்துநிற்கக் குறிக்கப்பட்ட இடத்தைச் சொன்ன சொல் அது; குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடுதல் என விரிந்து, பின்னாளில் காதலரின் மறைவான சந்திப்பையும் குறித்தது. கிரீஃப் ஊரில் சிறந்திருந்த டிரிஸ்ட் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபால்கிர்க்குக்கு நகர, அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சந்தை கூடியது. அங்கு வாங்கிய மாடுகள் நார்ஃபோக் வரை நடந்து, புல்லும் டர்னிப்பும் தின்று கொழுத்தபின் லண்டனின் ஸ்மித்ஃபீல்டைச் சேர்ந்தன. ‘சமதளமான வெளி’ என்று பொருள்படும் பழைய பெயரே அச்சந்தைப் பெயரின் மூலம். இந்த மாடுகளைக் குறித்த ‘ரன்ட்’ என்னும் சொல் டச்சு மொழியில் மாட்டைக் குறிக்கும் ‘ருண்ட்’ என்பதோடு உறவுடையது என்பர்; ஆங்கிலேயரின் கண்ணுக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து மாடுகள் சிறியனவாகத் தெரிந்ததால் அச்சொல் குள்ளமானதையெல்லாம் குறிக்கத் தொடங்கி, இன்று ஈற்றில் மிகச் சிறிய குட்டிக்கு வழங்குகிறது.

ஊரார் நினைவில் எஞ்சியவை உறுதியானவையும் ஐயத்துக்குரியவையும் கலந்தவை. ஹாம்ப்ஷயரின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில், வேல்ஸிலிருந்து வெகு தொலைவில், ஒரு வீட்டின் சுவரில் வேல்ஸ் மொழியில் ஓர் அறிவிப்பு இன்றும் உள்ளது: நன்கு உலர்ந்த வைக்கோல், சுவையான புல், நல்ல பீர், வசதியான உறக்கம் ஆகியன கிடைக்கும் என்பது அதன் செய்தி. ஆங்கிலம் அறியாத ஓட்டுபவரை நோக்கியே அது எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை; மாட்டுக்குரியதை முதலிலும் மனிதர்க்குரியதைப் பின்னரும் வைத்த வரிசையும் கவனிக்கத்தக்கது. பண்ணை வீட்டருகே மூன்று ஸ்காட்ஸ் பைன் மரங்கள் நின்றால் அங்கே டுரோவர்க்கு இடமுண்டு என்பது பல ஊர்களில் சொல்லப்படும் செய்தி. இதற்கு அக்கால ஆவணச் சான்று இல்லை. காற்றுத் தடுப்புக்காகவும் அழகுக்காகவும் அம்மரங்கள் நடப்பட்டன. ‘ஹாஃப்பென்னி’ என்று தொடங்கும் வயற்பெயர்களை, மாட்டுக்கு ஓர் இரவுக்கு அரைப் பென்னி என்ற மேய்ச்சல் கட்டணத்தோடு இணைத்துச் சொல்லும் விளக்கமும் எல்லா வயலுக்கும் பொருந்தாது. வார்விக்ஷயர் வழியாகச் செல்லும் ‘வெல்ஷ் ரோடு’ போன்ற பெயர்கள் இவற்றைவிட நம்பத்தக்கவை; யார் நடந்தார்கள் என்பதை அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. பார்னெட் ஊரில் கூடிய கால்நடைச் சந்தையும் லண்டன் பேச்சில் ஒரு தடம் விட்டது: எதுகைக்காகச் சொல்மாற்றும் காக்னி வழக்கில் தலைமயிருக்குப் ‘பார்னெட்’ என்று பெயர்.

முற்காலத்து ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருள் லண்டனிலேயே முதலில் பிரிந்தது. மந்தை இஸ்லிங்டனை அடைந்ததும் நாட்டுப்புற டுரோவர் ஒதுங்கிக்கொள்ள, சந்தைக்கு ஓட்டிச்செல்லும் வேலையை அந்நகரத்துக் கூலியாளர் ஏற்றனர். அவர்களையும் ‘டுரோவர்’ என்றே அழைத்தனர். நெருக்கடியான தெருக்களில் மாடுகளை அடித்து விரட்டியதால் அவர்கள் மீது எழுந்த வெறுப்பு அச்சொல்லுக்கும் சேர்ந்தது. டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் வரும் ஸ்மித்ஃபீல்டின் காலைக் காட்சியில் நடமாடுபவர் இவர்களே. 1855-இல் சந்தை இஸ்லிங்டனிலேயே புதிய இடத்துக்கு மாற்றப்பட்டபோது, மாடுகள் ஏற்கெனவே இருப்புப்பாதையில் வரத் தொடங்கியிருந்தன. நடையில் குறைந்த எடைக்கு ஈடுசெய்ய வேண்டியதில்லாத ரயில் வண்டியோடு கால்நடையாக வந்த மந்தை போட்டியிட முடியவில்லை. வேல்ஸ் மொழியின் ‘போர்த்மோன்’ அதன்பின்னும் கால்நடை வணிகரைக் குறித்தே வாழ்ந்தது. ஆங்கிலத்தின் ‘டுரோவர்’ ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பிறருடைய கால்நடைகளைக் கூலிக்கு நெடுந்தொலைவு ஓட்டிச்செல்பவரை மட்டும் குறிக்கலாயிற்று; ஹென்றி லாசன் 1892-இல் எழுதிய சிறுகதையில் காட்டுக்குடிசையில் தனியே விடப்பட்ட மனைவியின் கணவர் அத்தகைய டுரோவரே, ஓட்டிச்சென்ற கால்நடைகளின் விலையில் அவருக்குப் பங்கில்லை.