ஸ்பிட்ஸ் மச்சம்: இனங்கண்ட வரலாறு

ஸ்பிட்ஸ் மச்சம் என்பது தோலின் நிறமிச் செல்களில் இருந்து உருவாகும் தீங்கற்ற கட்டியாகும். மச்சத்தின் அரிய வகைகளுள் ஒன்றான இது, பெரும்பாலும் சிறுவர்களிடமும் இளம் வயதினரிடமும் காணப்படுகிறது. முகத்திலோ காலிலோ இளஞ்சிவப்பான சிறு குமிழாகத் தோன்றிச் சில மாதங்களில் வேகமாக வளரும். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாவதில்லை. எனினும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உயிரைப் பறிக்கும் தோல் புற்றுநோயான மெலனோமாவை இது பெரிதும் ஒத்திருக்கும்.

வரலாறு

முற்காலத்தில் இத்தகைய கட்டிகளுக்கு மெலனோமா என்றே பெயரிடப்பட்டது. ஆனால் பெரியவர்களைப் பலிகொண்ட அந்நோய், குழந்தைகளில் பெரும்பாலோரை ஒன்றும் செய்யவில்லை.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர் அமெரிக்க நோயியல் மருத்துவர் சோஃபி ஸ்பிட்ஸ் (1910–1956). குழந்தைகளின் மெலனோமா குறித்து 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 13 சிறுவர்களைப் பற்றிய விவரங்கள் இருந்தன. அவர்களில் ஒருவர் மட்டுமே நோய் பரவி இறந்திருந்தார். இக்கட்டிகளை ஸ்பிட்ஸ் 'இளையோர் மெலனோமா' என்று அழைத்தார். இவை தீங்கற்றவை என்பது பின்னர் தெளிவானது. புற்றுநோயைக் குறிக்கும் பழைய பெயர் கைவிடப்பட்டு, 'ஸ்பிட்ஸ் மச்சம்' என்ற பெயர் நிலைத்தது. பெரியவர்களுக்கும் இது வரலாம் என்பதும் அறியப்பட்டது.

கண்டறிதல்

இக்கட்டியில் பெரிய கதிர் வடிவச் செல்களோ, அகன்ற செல்களோ, இரண்டுமோ காணப்படும். கட்டியின் இரு பக்கங்களும் சமச்சீராக இருப்பதும், ஆழம் செல்லச் செல்லச் செல்கள் சிறுத்துப் போவதும் தீங்கற்றது என்பதற்கான அடையாளங்கள். 1979இல் காமினோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் விவரித்த இளஞ்சிவப்பு உருண்டைகளும் மற்றொரு துப்பாகும். ஆயினும் இவற்றில் எந்த ஒன்றும் தனியாக முடிவு சொல்லப் போதாது.

1975இல் ரீட் விவரித்த கருநிற வகை இன்னும் குழப்பமானது. பெரும்பாலும் இளம் பெண்களின் தொடையில் தோன்றும் இதன் அடர்ந்த கருமை மெலனோமாவையே நினைவூட்டும்.

அண்மைக்காலத்தில் மரபணுச் சோதனைகளும் துணைக்கு வந்துள்ளன. எனினும் இரண்டு பக்கமும் சேராத இடைநிலைக் கட்டிகள் இன்றும் உள்ளன. தவறாகப் புற்றுநோய் என்றால், குழந்தைக்குத் தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சை நேரலாம். தவறாக மச்சம் என்றால், உயிரே போகலாம். ஆகவே நோயாளியின் வயது, கட்டி வந்த இடம், திசு அமைப்பு, மரபணு ஆகிய அனைத்தையும் சேர்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கின்றனர். ஐயம் நீடித்தால் கட்டியை முழுமையாக அகற்றித் தொடர்ந்து கண்காணிக்கின்றனர். ஸ்பிட்ஸ் கண்ட 13 சிறுவர்களில், இறந்த அந்த ஒருவரை மற்ற 12 பேரிடமிருந்து முன்கூட்டியே பிரித்தறிவது எப்படி என்பதே இத்துறையின் மையக் கேள்வியாக நீடிக்கிறது.