பேச்சு புரியணும்னா நடு ஸ்பீக்கர் வேணும்: ஒரு பழைய கதை

இப்ப புதுசா டிவி வாங்கின எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே குறைதானுங்க. "படம் பளிச்சுன்னு தெரியுது, பாட்டும் நல்லா கேக்குது, பேசறதுதான் ஒண்ணும் வெளங்கல." ரிமோட்டைக் கையிலேயே வெச்சிருக்காங்க. பேச்சு வந்தா சத்தத்தைக் கூட்டறது, சண்டை வந்தா குறைக்கறது. சரி, கம்மி விலையில ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிப் போட்டா தீருமான்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க. தீரும். ஆனா எதைப் பாத்து வாங்கணும்னு தெரியணும்னா கொஞ்சம் பழைய கதை வேணும். பேச்சைத் தெளிவாக் கேக்க வைக்கறது எப்படிங்கற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாச்சு. பதிலும் அப்பவே கெடச்சிருச்சு.

முதல் பதில் அறையைப் பத்தினது. 1895-ல் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஒரு புது அருங்காட்சியகம் கட்டுச்சு. அதில் இருந்த விரிவுரை மண்டபத்தில் வாத்தியார் பேசினா யாருக்கும் புரியல. ஒரு சொல் அடங்கறதுக்கு முன்னாடி அடுத்த சொல் வந்து மேல விழுந்துச்சு. என்னன்னு பாக்கச் சொல்லி வாலஸ் சபைன்ங்கற இளம் பேராசிரியர்கிட்ட ஒப்படைச்சாங்க. பக்கத்து அரங்கத்தில் இருந்த இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாத் தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு அளந்தார். காலி மண்டபத்தில் அஞ்சரை நொடி வரைக்கும் நின்ன எதிரொலி, மெத்தை கூடக் கூடக் குறைஞ்சுது. கட்டட ஒலியியல்னு ஒரு படிப்பே அதில் இருந்துதான் கெளம்புச்சு. சிமெண்டும் டைல்ஸும் கண்ணாடியுமா இருக்கற நம்ம இப்பத்திய வீட்டு ஹாலுக்கு அந்த மண்டபத்தோட வியாதி கொஞ்சம் உண்டு.

ரெண்டாவது பதில் எழுத்தைப் பத்தினது. அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனியோட பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர்னு ஒருத்தர், மனுசன் பேச்சில் எந்தப் பகுதி போனா புரியாமப் போகும்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சார். பேச்சோட பலம் கீழ் ஒலியில், அதாவது உயிரெழுத்தில் இருக்கு. ஆனா அர்த்தம் பெரும்பாலும் மேல, 1000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வர்ற மெல்லிசான மெய்யெழுத்து ஒலியில் இருக்கு. கடை, தடை, நடை, படை, வடை, இதையெல்லாம் சொல்லிப் பாருங்க. உயிரெழுத்து எல்லாத்திலும் ஒண்ணுதான். முதல் எழுத்தோட மெய் காதில் விழலைன்னா கடைக்குப் போனானா, படைக்குப் போனானான்னு தெரியாது. பழைய டெலிபோன் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்புச்சு. பாஸ்னு ஒண்ணு அதில் கெடையவே கெடையாது. ஆனாலும் பேசினது புரிஞ்சுதுல்ல?

மூணாவது பதில் இடத்தைப் பத்தினது. இதுதான் முக்கியம். 1927-ல் ஜாஸ் சிங்கர் வந்த பின்னாடி சினிமா பேச ஆரம்பிச்சுது. நமக்கு 1931-ல் காளிதாஸ். பேச்சு நடிகனோட வாயில இருந்து வர்ற மாதிரி இருக்கணும்னு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாடி வெச்சாங்க. சத்தம் வெளிய வரத் திரையில் பொடிப் பொடியா ஓட்டை போட்டாங்க. 1933-ல் அதே ஃப்ளெட்சர் குழு பிலடெல்பியாவில் வாசிச்ச இசையைக் கம்பி வழியா வாஷிங்டன் அரங்கத்துக்கு அனுப்புச்சு. இடது, வலது மட்டும் இல்லாம நடுவுலயும் ஒண்ணு, மொத்தம் மூணு வழி. ரெண்டு மட்டும் இருந்தா நடுவில் உக்காந்தவனுக்கு எல்லாம் சரியாக் கேக்கும். ஓரத்தில் உக்காந்தவனுக்குப் பக்கத்து ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரிதான் கேக்கும். 1953-ல் சினிமாஸ்கோப் வந்தப்பவும் திரைக்குப் பின்னாடி மூணு ஸ்பீக்கர் வெச்சாங்க. நம்ம ராஜராஜ சோழன் 1973-ல் வந்த முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம். 1970-கள்ல வந்த டால்பி ஸ்டீரியோவும் நடு வழியை விடல. பக்கத்தில் இசையும் சத்தமும், நடுவில் வசனம்னு வழக்கம் நிலைச்சுது.

இந்த மூணு பதிலும் நம்ம ஊர் டூரிங் கொட்டகையில் தானா அமைஞ்சிருந்துச்சுங்க. மேல கீத்து, கீழ மணல், பக்கத்தில் பாதிக்கு மேல திறப்பு. எதிரொலிக்க இடமே இல்ல. திரைக்குப் பின்னாடி நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர், நேரா நம்ம மூஞ்சியைப் பாத்து. முறுக்கு விக்கறவன் சத்தத்துக்கு நடுவிலும் தரை டிக்கெட்டுக்காரனுக்குப் பராசக்தி வசனம் ஒரு எழுத்து தப்பாமக் கேட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பக்கம் பக்கமா வசனம் ஒப்பிச்சதுக்கு எழுதினவரும் பேசினவரும் காரணம்னா, கொட்டகைக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். திருவிளையாடல் வசனம், பின்னாடி 1984-ல் வந்த விதி படத்துக் கோர்ட் வசனம்னு ஊரே அதில்தான் கேட்டுச்சு. அந்தக் குழாய்க்கு பாஸ் சுத்தமா வராது. நடு ஒலியை மட்டும் கூம்பு வழியாக் குவிச்சு அனுப்பும். அதனாலதான் ரெண்டு காடு தாண்டி மடை மாத்திட்டு இருக்கறவனுக்கும் பேச்சு புரிஞ்சுது.

வீட்டுக்குள்ள வந்ததும் கதை மாறிப்போச்சு. டப்பா டிவியில் பொட்டி பெருசு. ஸ்பீக்கர் வெக்க இடம் இருந்துச்சு, நெறைய மாடல்ல அது முன்னாடி பாத்தும் இருந்துச்சு. தட்டை டிவி வந்ததும் அந்த இடம் போச்சு. சின்ன ஸ்பீக்கரை அடியிலயோ முதுகிலயோ ஒட்டிட்டாங்க. சத்தம் தரையிலும் செவுத்திலும் அடிச்சுத் திரும்பித்தான் நம்மகிட்ட வருது. அது போக, 5.1-னு பதிஞ்ச படத்தில் வசனம் பெரும்பாலும் நடு வழியில் இருக்கும். ரெண்டே ஸ்பீக்கர் இருக்கற டிவி அதை இசையோடயும் இடிச் சத்தத்தோடயும் ஒரே பாத்திரத்தில் கலக்கித்தான் ஊத்தும்.

இதில் அதிகம் அடிபடறது வயசானவங்க. வயசு கூடினா காதில் முதல்ல குறையறது மேல் ஒலி, அதாவது அந்த மெய்யெழுத்துதான். எங்கம்மாவுக்கு 78 வயசு. சீரியல் பாக்கறப்ப "என்ன சாமி சொன்னா?"ன்னு எங்ககிட்டக் கேட்டுட்டே இருப்பாங்க. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாங்க. மத்தவங்க சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க, அவ்வளவுதான். சத்தம் கூட்டறது இதுக்கு மருந்தில்ல. கூட்டினா எல்லாம் சேர்ந்துதான் கூடும். முதல்ல காது டாக்டர்கிட்டக் காட்டினோம். அப்புறந்தான் ஸ்பீக்கர் பாத்தோம்.

கடையில் என்ன காட்டுவாங்கன்னா, பெரிய ஊஃபர், ஆயிரக்கணக்குல வாட்ஸ். பொட்டி மேல பிஎம்பிஓன்னு போட்ட கணக்கை நம்பாதீங்க. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. 2.1-னா ரெண்டு ஸ்பீக்கரும் ஊஃபரும், நடு கெடையாது. பேச்சுக்காக வாங்கறதுன்னா 3.1 இல்ல 5.1 பாருங்க. பின் ஸ்பீக்கர் இல்லாட்டி ஒண்ணும் கெட்டுப்போகாது, நடு ஸ்பீக்கர் தனியா இருக்கான்னு கேளுங்க. சவுண்ட் பார்னாலும் இதே கேள்விதான். டிவியில் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை இருந்தா அந்தத் துளைக்கு ஒத்துவர்றதா வாங்குங்க. கடைக்காரர் போடற பாட்டைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. மழையிலயோ கூட்டத்திலயோ ரெண்டு பேர் பேசற காட்சியைப் போடச் சொல்லி, ஓரமா நின்னு கேளுங்க.

வீட்டுக்கு வந்ததும் நடு ஸ்பீக்கரை டிவிக்கு அடியில், அலமாரிக்குள்ள தள்ளாம, விளிம்புக்கு இழுத்துக் காதைப் பாத்து வையுங்க. ஊஃபரைக் குறைங்க. பேச்சு மோடு இருந்தா போட்டு விடுங்க. பெட்டியில் நடுவுக்குத் தனி அளவு இருந்தா ரெண்டு புள்ளி கூட்டுங்க. சன்னலுக்குத் துணித் திரை, கீழ ஒரு ஜமுக்காளம். சபைன் மெத்தை தூக்கின கதை இதுதான்.

நாங்க வாங்கினது விலை கம்மியான 3.1 தான். வீடு அதிராது, பக்கத்துத் தோட்டத்துக்குக் கேக்காது. ஆனா போன வாரம் எங்கம்மா சீரியல் மாமியார் சொன்ன ஒரு பேச்சுக்கு, எங்களுக்கு முன்னாடி பதில் சொன்னாங்க.