63.5 வாற்றில் தொடங்கிய கதை



போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருவரின் வாப்பா கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒஃபிஸில் பாவித்துக் கழித்த ஒல்லியான பெட்டி, 240 வாற்று பவர் சப்ளை. மகன் கட்டடப் படம் வரையும் கோர்ஸ் செய்கிறான் என்று கடையில் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் எரிகிற வாடை. திறந்து பார்த்தால் வயரின் முனை உருகிக் கிடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பக்கத்தில் இருந்தபடியால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டான்.

இதே மாதிரிப் பெட்டிகள் இப்போது நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அதனால்தான் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

இந்தத் தலையிடி இன்று நேற்று வந்ததல்ல. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதலாவது பிசியை வெளியிட்டபோது அதற்குள் இருந்த பவர் சப்ளை வெறும் 63.5 வாற்று. கணக்கைப் பாருங்கள்: 5 வோல்ற்றில் 7 அம்பியர், அது 35 வாற்று. 12 வோல்ற்றில் 2 அம்பியர், 24 வாற்று. மிச்சம் நாலரை வாற்று சில்லறை. பிளொப்பி டிரைவ் இரண்டு ஓட்ட அது போதும். ஆனால் அன்றைய ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில செக்கன்களில் 12 வோல்ற் பக்கத்தில் 2 அம்பியருக்கு மேல் இழுக்கும். போர்டில் 5 ஸ்லொட் இருந்தது, கார்டைச் செருக இடமும் இருந்தது, கரண்ட்தான் இல்லை. இடம் இருப்பது வேறு, மின்சாரம் இருப்பது வேறு. இன்றைக்கும் நம் ஆட்கள் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான்.

1983இல் எக்ஸ்டி வந்தபோது ஐபிஎம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்கையும் 130 வாற்று பவர் சப்ளையையும் சேர்த்தே வைத்தது. பழைய பிசி வைத்திருந்தவர்களுக்குத் தனிப் பவர் சப்ளையோடு வெளியே வைக்கும் பெட்டி ஒன்றையும் விற்றது. எனக்கு ஆகப் பிடித்தது 1985இல் பிளஸ் டெவலப்மென்ட் என்ற கம்பனி செய்த வேலை. பெரிய பவர் சப்ளையை வாங்கு என்று அவர்கள் சொல்லவில்லை. மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றை ஒரு கார்டின் மேலேயே பொருத்தி, 'ஹார்ட்கார்ட்' என்ற பெயரில், அந்தப் பழைய 63.5 வாற்றுக்குள்ளேயே ஓடும்படி செய்தார்கள். அதுவும் 10 மெகாபைட்தான். இருக்கிற வருமானத்துக்குள் குடும்பம் நடத்துகிற உம்மாமாரின் மூளை அது!

பிறகு 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. பெரிய பெட்டிக்காரர்களுக்கு நிம்மதி, பவர் சப்ளையைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். ஒஃபிஸ் பெட்டிகளுக்கு அந்த நிம்மதி முழுதாகக் கிடைக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் டெல் தன் சில கணினிகளில் ஏடிஎக்ஸ் மாதிரியே தெரியும் பிளக்கை வைத்து, உள்ளே வயர்களின் வரிசையை மட்டும் மாற்றியிருந்தது. வெளிச் சப்ளையை நம்பிச் செருகியவர்களின் போர்டுகள் கருகின. அதற்குப் பிறகு வந்த ஒல்லிப் பெட்டிகள் பலவற்றிலும் பவர் சப்ளையின் உருவமும் பிளக்கும் அந்தந்தக் கம்பனிக்கே உரியவை. ஆகவே 'பெரிய சப்ளை ஒன்றைப் போட்டால் சரிதானே' என்பது இங்கே லேசில் நடக்காது.

சரி, அந்தப் பிள்ளையின் பெட்டிக்கு வருவோம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் கூடினால் 75 வாற்று தரும். (சில ஒல்லிப் பெட்டிகளில் கம்பனியே இதைவிடக் குறைத்து வைத்திருக்கும், மெனுவலைப் பாருங்கள்.) கடையில் போட்ட கார்டுக்கு 6 பின் பிளக் ஒன்றும் வேண்டும், அது இன்னும் 75. மொத்தம் 150. உள்ளே இருக்கும் ஐ5 3470 புரொசெசருக்கு 77. இரண்டும் சேர்த்து 227. போர்ட், ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. அதைவிட மோசம், பெட்டியில் 6 பின் வயரே இல்லாததால் சாட்டா வயரிலிருந்து மாற்றி ஒன்று போட்டிருக்கிறார்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ற்றுக்கு 3 ஊசி, ஒன்றுக்கு 1.5 அம்பியர். பெருக்கினால் 54 வாற்று. அதில் 75 வாற்றை இழுத்தால் என்ன நடக்கும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்.

கார்ட் போடவே முடியாது என்றில்லை. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாற்று, 2016இல் வந்த 1050 டிஐ 75 வாற்று. இவற்றில் தனி வயர் கேட்காத, உயரம் குறைந்த மொடல்களும் உண்டு. வாங்கும்போது அந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதற்கும் முதல் எஸ்எஸ்டி. சுழலும் டிஸ்க் இல்லாததால் கரண்டும் குறைகிறது, வேகமும் கூடுகிறது. கிட்டத்தட்ட ஹார்ட்கார்ட் வழிதான்.

பிள்ளையின் கார்டைக் கழற்றிவிட்டோம், போர்ட் தப்பியிருக்கிறது. கடைக்காரர் கார்டைத் திருப்பி எடுப்பாரா என்று வாப்பா நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறார். கார்ட் வாங்க யோசிக்கிறவர்கள் காசைக் கொடுக்க முதல், பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 12 வோல்ற் என்ற வரி தெளிவாகத் தெரிய வேண்டும். பவர் சப்ளையின் சொந்த மூடியை மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.