பழைய காரின் கதவடித் தகட்டில் துரு: கண்டறிவதும் சரிசெய்வதும்

புரோட்டோன் சாகா 1985-ஆம் ஆண்டிலும் பெரோடுவா கஞ்சில் 1994-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இவையும் ஈஸ்வரா, விரா போன்ற கார்களும் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இயந்திரம் பழுதானால் பழைய கார்களை வெட்டி விற்கும் 'பொத்தோங்' கடையில் வேறொன்று கிடைக்கும். பிரேக், கிளட்ச் எல்லாம் மாற்றக்கூடியவை. உடல் தகடு அப்படியல்ல. அதிலும் கதவுக்குக் கீழே துரு பிடித்தால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது விரலே உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும்.

சில் என்பது எது?

முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின் சக்கரம் வரை, கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி வடிவத் தகட்டையே பட்டறைகளில் 'சில்' என்கிறார்கள். காரில் ஏறும்போது கால் தாண்டும் படி அதுதான். வெளித் தகடு, உள் தகடு என இரண்டு உண்டு. பல கார்களில் நடுவில் பலம் கொடுக்கும் மூன்றாவது தகடும் இருக்கும். இவற்றின் ஓரங்கள் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்து இணைக்கப்பட்டிருக்கும்.

லோரிக்கு இருப்பதுபோல் இந்தக் கார்களுக்குத் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். கார் நடுவில் வளையாமல் தாங்குவதும், பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பதில் பங்கெடுப்பதும் இந்தச் சில்தான். ஆகவே சில்லில் விழும் ஓட்டையை அழகுக் குறை என்று தள்ளிவிடக்கூடாது. அந்தக் காரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

துரு எப்படி வருகிறது?

சில்லின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். உள்ளே புகும் மழைநீரும் வியர்க்கும் ஈரமும் அவ்வழியாக வெளியேற வேண்டும். தோட்டத்துச் செம்மண் சேறு துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கும். முன் மட்கார்டின் உட்புறத்திலும் பின் சக்கர வளைவின் முன்பகுதியிலும் சேறு குவிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெரும்பாலும் சில்லின் இரு முனைகளும் முதலில் அரிக்கப்படுவது இதனால்தான்.

பனிக்கால நாடுகளைப் போல் நம் சாலைகளில் உப்புத் தூவுவதில்லை. ஆனால் வேறு வழிகளில் உப்பு வந்து சேர்கிறது. கடலோரப் பட்டணங்களில் காற்றிலேயே உப்பு உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. உரமூட்டை கிழிந்து பின்னால் கொட்டினால், அது ஈரத்தை இழுத்து இரும்பை வேகமாகத் தின்னும். ஒட்டுப்பால், கட்டிப்பால் மூட்டைகளிலிருந்து வடியும் புளித்த நீரும் அப்படியே. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரில் வெளியே காய்ந்துவிட்டாலும் சில்லின் உள்ளே சேறு படிந்தே இருக்கும்.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும். இரு தகடுகள் சேரும் விளிம்பில் துரு பிடித்தால் அது தகடுகளைப் பிரித்துத் தள்ளும். சாயம் குமிழ் குமிழாக எழும்புவது அதன் வெளி அடையாளம். உள்ளிருந்து வரும் துரு வெளியே தெரியும்போது பாதி வேலையை முடித்திருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

முதலில் அடிப்பகுதியை நீர் பாய்ச்சிக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு ஸ்குரூடிரைவரின் பிடியால் சில் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்த இடமும் புட்டி அடைத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை ஓட்டினால், புட்டி தடித்திருக்கும் இடத்தில் அது பிடிக்காது.

அடுத்து, கதவடி பிளாஸ்டிக்கைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கி உள் தகட்டைப் பார்க்க வேண்டும். கம்பளத்தின் அடியில் ஈரம் இருந்தால் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஜாக் வைக்கும் இடத்தில் ஜாக் அமுங்கினாலோ, காரைத் தூக்கியதும் கதவு சரியாக மூடாவிட்டாலோ பலம் போய்விட்டது என்று பொருள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் கட்டாயம்.

மேலாகப் படிந்த துருவைச் சுரண்டி, துருத்தடுப்புச் சாயம் பூசினால் போதும். கூரிய முனையால் அழுத்தும்போது ஓட்டை விழுந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இவை பழுதுபார்ப்பு அல்ல

ஃபைபர் துணியும் புட்டியும் வைத்து மூடுவது, நுரையை உள்ளே அடிப்பது, துருவின்மேல் புதுத் தகட்டை ரிவெட் அடிப்பது, அடியில் தார் பூசி மறைப்பது ஆகிய எல்லாமே கண்ணுக்கு மட்டும் மருந்து. நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தாருக்கு அடியில் துரு நிம்மதியாக வளரும். பழைய கார் வாங்குபவர்கள், அடிப்பகுதியில் மட்டும் புதுத் தார் பளபளத்தால் சந்தேகப்படுவது நல்லது.

வெட்டுவதற்கு முன்

இருக்கை, கம்பளம், ஓரமாக ஓடும் மின்கம்பிகள் அனைத்தையும் அகற்ற வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். அடியில் செல்லும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, தீப்பொறி படாதபடி அகற்றவோ மறைக்கவோ வேண்டும். சீட் பெல்ட் துணியில் பொறி பட்டால் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சில்லை வெட்டியதும் உடல் தொய்யக்கூடும். அதனால் காரைச் சமதளத்தில் நிறுத்தி, சஸ்பென்ஷன் பகுதிகளுக்கு அருகில் தாங்கி கொடுத்து, கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அரிப்பு அதிகமென்றால் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து தற்காலிகமாக வெல்டிங் செய்வார்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் கோணிவிடும்.

வெட்டி இணைக்கும் முறை

துரு முடிந்து பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும். வெளித் தகட்டைத் திறந்த பிறகுதான் உள்ளே இருக்கும் சேதம் முழுதாகத் தெரியும். உள் தகடும் நடுத் தகடும் அரித்திருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். வெளித் தகட்டை மட்டும் புதிதாக்கி மூடுவது, கரையான் அரித்த தூணுக்குச் சாயம் பூசுவதுபோல்தான்.

ஒட்டுத் தகடு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதுமானது. துத்தநாகம் பூசிய தகடானால் வெல்டிங் விளிம்பில் பூச்சை நீக்க வேண்டும், அதன் புகை உடலுக்குக் கேடு. இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு எம்.ஐ.ஜி. வெல்டிங்தான் ஏற்றது. சாதாரணக் குச்சி வெல்டிங் தகட்டை ஓட்டையாக்கிவிடும்.

தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங் இருந்த விளிம்புகளில், புதுத் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, துளைவழியாக வெல்டிங் நிரப்பி இணைப்பார்கள். பழைய புள்ளிகள் எத்தனை இருந்தனவோ அத்தனையாவது இருக்க வேண்டும். நீண்ட இணைப்பை ஒரே மூச்சில் இழுக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் தகடு நெளியாது. சேசிஸ் எண் பொறித்த பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. உரிமை மாற்றச் சோதனையின்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

வேலை முடிவது மெழுகில்

வெல்டிங்கைத் தேய்த்தபின் எபோக்சி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், கல்லடி தாங்கும் பூச்சு, கடைசியில் சாயம் என்ற வரிசையில் போக வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு சில்லின் உள்ளே நீண்ட குழாயால் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். வெல்டிங்கின் உட்புறத்தில் சாயம் எரிந்துபோயிருக்கும், அதைக் காப்பது இந்த மெழுகுதான். இதை விட்டுவிட்டால் புதுத் தகடும் சீக்கிரமே அரிக்கும். மெழுகை வெல்டிங்குக்கு முன்னால் அடித்தால் தீப்பிடிக்கும். அடித்தபின் வடிகால் துளைகளைக் கம்பியால் திறந்துவிட வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேலை கொடுக்கும் முன், உள் தகட்டையும் பார்ப்பீர்களா, எந்த வெல்டிங், உள்ளே மெழுகு அடிப்பீர்களா என்று கேட்பது உரிமையாளரின் உரிமை. மூடுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், அல்லது கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். வெட்டிய பழைய தகட்டைக் காட்டச் சொல்வதும் தவறில்லை. "திறந்து பார்த்தால்தான் விலை சொல்ல முடியும்" என்று ஒருவர் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதுவே நேர்மையான பதில்.

துரு சில்லோடு நிற்காமல் தரைக்கும் சஸ்பென்ஷன் பிடிமானங்களுக்கும் பரவியிருந்தால், செலவைக் காரின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து விட்டுவிடுவதே சில நேரம் அறிவுடைமை. அந்த நிலை வராமல் காப்பது கடினமல்ல. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அடிப்பகுதியைக் கழுவி, வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் போதும். அதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.