தேதி கிழித்த கோடு

1979 மே 25 அன்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. அரசு ஊழியரின் பென்ஷனை இனிக் கொஞ்சம் தாராளமாகக் கணக்கிடலாம் என்றது. சராசரிச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய்க்குப் பாதி, அடுத்த ஐந்நூறுக்கு 45 சதவீதம், மிச்சத்துக்கு 40 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய மாதம் மாலை போட்டு வழியனுப்பப்பட்டவருக்குப் பழைய கணக்கே.

1972-இல் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக ஓய்வு பெற்ற டி.எஸ்.நகராவும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். எச்.டி.ஷோரி தொடங்கிய ‘காமன் காஸ்’ அமைப்பும் சேர்ந்துகொள்ள, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேள்வி எளிமையானது: ஒரே மாதிரி உழைத்து ஓய்வு பெற்றவர்களை ஒரு தேதி இரண்டாகப் பிரிக்கலாமா?

அரசு அதுவரை அப்படிப் பிரிக்கத் தயங்காததற்குக் காரணம், பென்ஷன் பிறந்த விதம். வங்காள நவாப் மீர் ஜாஃபர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு, உடல் நலிந்த கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் 1770-இல் கிளைவ் ஒரு நிதி ஏற்படுத்தினார். தஞ்சாவூரில் பென்ஷன் அரசியல் கருவியானது. 1799-இல் இரண்டாம் சரபோஜி ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு என்று எழுதிக்கொண்டார்கள். நோயாளிச் சிப்பாய்க்கும் நாடிழந்த ராஜாவுக்கும் கொடுக்கிற கை ஒன்றே. அந்தக் கை மூடிக்கொண்டால் கேட்க ஆளில்லை. 1871-இல் வந்த பென்ஷன் சட்டம் இதை எழுத்திலேயே வைத்தது: அரசு தரும் பென்ஷன் பற்றிய வழக்கை உரிமையியல் நீதிமன்றம் நேரடியாக எடுக்கக் கூடாது. அதே சட்டம், கடன்காரர்கள் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாதபடி காப்பும் கொடுத்தது. பாதுகாப்பு உண்டு, உரிமை இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த மனப்பான்மை நீடித்தது. 1971-இல் பீகார் அரசுக்கு எதிராக தேவகி நந்தன் பிரசாத் தொடர்ந்த வழக்கில்தான், பென்ஷன் ஊழியரின் சொத்து, அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்ட கொடை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

நகரா வழக்கு அதிலிருந்து ஓர் அடி முன்னே போனது. 1982 டிசம்பர் 17. தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள். தீர்ப்பை எழுதியவர் டி.ஏ.தேசாய். பென்ஷன் தானமல்ல, செய்து முடித்த வேலைக்கான ஊதியம், முதுமைக்கான சமூகப் பாதுகாப்பு என்றது தீர்ப்பு. ஓய்வு பெற்ற அனைவரும் ஒரே வகுப்பினர். நடுவே ஒரு தேதியைச் செருகிப் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம். மார்ச் 31 என்ற கோட்டை நீதிபதிகள் அழித்தார்கள். கோட்டுக்கு முந்தையவர்களுக்கும் அந்தத் தேதியிலிருந்து புதிய கணக்கு கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு நிலுவை கிடையாது. நாடெங்கும் ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன.

வெற்றியின் எல்லை சீக்கிரமே தெரிந்தது. ரயில்வேயில் 1957-இல் பென்ஷன் வந்தபோது, பழைய வருங்கால வைப்பு நிதியிலேயே இருக்கலாம் என்றும் ஊழியர்களிடம் சொல்லப்பட்டது. அப்படியே இருந்து மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள், விலைவாசி ஏறியதும் எங்களுக்கும் பென்ஷன் கொடுங்கள் என்றார்கள். 1990-இல் கிருஷ்ண குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: வைப்பு நிதி வாங்கியவர் ஒரு வகுப்பு, பென்ஷன் வாங்குபவர் வேறு வகுப்பு.

அரசு வேலையே பார்க்காதவர் கதை தனி. ஆலைத் தொழிலாளிக்கு 1952-இன் சட்டம் பி.எஃப். தந்தது, மாதாமாதம் வரும் பென்ஷனுக்கு அவர் 1995 நவம்பர் வரை காத்திருந்தார். முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போகிறது. பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 35 ஆண்டுக் கணக்கு இருந்தால் வருவது 7,500. 2014-இல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்த அதே நேரத்தில் இங்கேயும் ஒரு தேதி நுழைந்தது: அந்த ஆண்டு செப்டம்பர் 1-க்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்தத் திட்டமே கிடையாது.

எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம்பெறாத முதியவர்களுக்கு, காமராஜர் ஆட்சியில், 1962-இல் சென்னை மாநிலம் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. கிராமத்தில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்றால்தான் புரியும். 2011-இல் மாதம் ஆயிரம் ஆன தொகை, 2023-இல் 1,200 ஆனது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர் வீடுகளில் மறக்காத தேதி 2003 ஏப்ரல் 1. அன்று முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்: அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடித்தம். அதே ஆண்டு ஜூலையில், பென்ஷன் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். மத்திய அரசு 2004 ஜனவரி 1-ஐத் தன் கோடாக்கிக்கொண்டது. 2003 மார்ச்சில் சேர்ந்த ஆசிரியரும் ஏப்ரலில் சேர்ந்தவரும் ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை நடத்தினாலும் ஓய்வுக்காலம் வேறு வேறு. நகரா தீர்ப்பு காத்தது ஒரே விதியின் கீழ் ஓய்வு பெற்றவர்களை. சேரும்போதே வேறு விதிக்குள் வந்தவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை.

புதிய முறையில் மத்திய அரசு ஊழியர் அறுபது வயதில் சேமிப்பில் 60 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். மீதியில் ஆயுள்கால ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற உறுதி போய், சந்தை என்ன தருகிறதோ அதுவே கணக்கு. இருபது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 25 ஆண்டு பணி செய்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி, பத்து ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது பத்தாயிரம் ரூபாய். ஊழியரின் பத்து சதவீதப் பிடித்தம் மட்டும் தொடர்கிறது. திட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2025 ஏப்ரல் 1.