யந்திரத்துக்கு அறிவு உண்டோ?

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதையிலே லிந்துலை என்னும் சிற்றூர் இருக்கின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். தை, மாசி மாதங்களில் வறண்ட குளிர்காற்று வீசும்போது இம்மலைகளின் தேயிலை தனி மணம் பெறுகின்றது. யந்திரங்களுக்கு உண்மையான அறிவு உண்டாகுமா என்ற வினாவை ஆராய்வதற்கு, பல்கலைக்கழகங்களையும் பெருநகரங்களையும் விட்டு நேயர்களை இங்கே அழைப்பதற்குக் காரணம் உண்டு. மனிதனுடைய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக யந்திரம் ஏற்றுக்கொண்ட வரலாற்றை இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் நேரிற் காணலாம்.

வினா பழையது. சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிதப் பொறியைப் பற்றி 1843ஆம் ஆண்டிலே எழுதிய அடா லவ்லேஸ் என்ற பெண்மணி, அப்பொறி தானாக எதையும் தோற்றுவிக்க மாட்டாது, நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என்று கூறினார். நூறாண்டுகளுக்குப் பின், 1950ஆம் ஆண்டில், அலன் டூரிங் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் இதை மறுத்தார். யந்திரம் சிந்திக்குமா என்று வாதாடுவதைக் காட்டிலும், உரையாடலில் அதை மனிதனிடமிருந்து வேறுபடுத்தி அறிய முடிகின்றதா என்று சோதிப்பதே தக்கது என்றார். குழந்தையைப் போலக் கற்கும் யந்திரத்தை ஆக்கலாம் என்பதும் அவருடைய கருத்து.

இனித் தேயிலையின் கதைக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டிலே கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நாளில் பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலை. மேசைமேல் இலையைப் பரப்பி, மனிதர் கையால் உருட்டிக் கசக்கிக் கரியடுப்பில் உலர்த்தினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரவியது. டெய்லர் 1872இல் முழுமையான தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். இலை உருட்டும் யந்திரம் ஒன்றையும் தாமே செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அசாமிலே வில்லியம் ஜாக்சனும் உருட்டும் யந்திரத்தை இயக்கினார். பலருடைய கைகள் செய்த வேலையை ஒரு யந்திரம் செய்தது. ஆயினும் அதற்கு அறிவு இருக்கின்றது என்று எவரும் சொல்லவில்லை. அது வெறும் பலம் என்றனர். அது சரியே.

அடுத்து வந்தது தரம் பிரிக்கும் வேலை. உலர்ந்த தேயிலையில் கலந்திருக்கும் காம்பையும் நாரையும் பெண்கள் வரிசையாக அமர்ந்து விரலாற் பொறுக்கி எடுத்தனர். இன்று பல தொழிற்சாலைகளில் மின்கண் பொருத்திய யந்திரம் இதனைச் செய்கின்றது. விழுகின்ற ஒவ்வொரு துணுக்கின் நிறத்தையும் அது பார்க்கின்றது. வேண்டாததைக் காற்றால் ஊதித் தள்ளுகின்றது. இதற்குப் பலம் மட்டும் போதாது. வேறுபாட்டைக் கண்டறிதலும் வேண்டும். ஆனால் அப்போதும் நாம், "இது நிறம் பார்ப்பது மட்டுந்தானே, அறிவு ஆகாது" என்றோம்.

பின்னர் மூக்கின் முறை வந்தது. வாடிய இலையை உருட்டும்போது அதன் சாறு காற்றோடு கலக்கின்றது. பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் படர்கின்றது. இதனைப் புளித்தல் என்று சொன்னாலும், இலையிலுள்ள நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமே இது. எந்தக் கணத்தில் இதனை நிறுத்தி இலையை உலர்த்தும் அடுப்புக்கு அனுப்புவது? முந்தினால் தேநீர் பச்சை நாற்றம் வீசும்; பிந்தினால் சாரமற்றுப் போகும். டீமேக்கர் ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்து பார்த்தே தீர்ப்புச் சொல்வார். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கொல்கத்தாவிலே சீடாக் நிறுவனத்தாரும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இதற்கென ஒரு மின்மூக்கை உருவாக்கினர். இலையின் ஆவிகளை உணரும் கருவிகள் அதில் உண்டு. அவை தரும் அடையாளங்களைத் தேயிலைச் சுவைஞர் இட்ட மதிப்பெண்களோடு ஒப்பிட்டு அது பழகிக்கொள்கின்றது. டூரிங் கனவு கண்ட கற்கும் யந்திரம் தேயிலைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அதற்கு ஆசிரியர் மனிதருடைய மூக்கும் நாக்குமே.

இவ்வாறு கையும் கண்ணும் மூக்கும் யந்திரத்துக்கு வசமாயின. எஞ்சி நிற்பது எது? தொழிற்சாலைக்கு வெளியே, மலையிலே, கொழுந்து பறிக்கும் வேலை. செடியின் மேல்மட்டத்தில் எண்ணற்ற தளிர்கள் இருக்கின்றன. எது பறிக்கத்தக்க இரண்டு இலையும் ஒரு மொட்டும், எது அடுத்த சுற்றுக்கு விடத்தக்கது, எது முற்றியது, எது வளர்ச்சி நின்றுபோனது என்பதையெல்லாம் ஒரு நொடியிற் கண் காண, இரு கைகளும் தனித்தனியே பறிக்கின்றன. காலோ வழுக்கும் சரிவில் ஊன்றி நிற்கின்றது. கூடையோ முதுகிற் கனக்கின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கிலோவுக்குள் எத்தனை தீர்மானங்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்! ஜப்பானில் நெடுங்காலமாகவே வெட்டும் யந்திரம் உண்டு. ஆள் பற்றாக்குறையால் நம் தோட்டங்களிலும் கத்திரியும் கைப்பொறியும் வந்திருக்கின்றன. ஆனால் அவை ஒரு மட்டமாக வெட்டுமேயன்றித் தேர்ந்தெடுப்பதில்லை. தளிரைக் கமரா வழியே கண்டு ஒவ்வொன்றாகப் பறிக்கும் ரோபோவை ஆக்கச் சீன நாட்டார் முயன்று வருகின்றனர். மேடுபள்ளமான சரிவும், காற்றில் அசையும் தளிரும், ஒன்றையொன்று மறைக்கும் இலையும் அம்முயற்சிக்குத் தடையாய் நிற்கின்றன.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு வியப்பைத் தருகின்றது. சதுரங்கம் மேதைகளின் ஆட்டம் என்று போற்றினோம். 1997ஆம் ஆண்டில் ஒரு யந்திரம் உலகின் முதல் வீரரான காஸ்பரோவை வென்றது. கணக்கெழுதுவது படித்தவரின் தொழில் என்றோம். அதையும் யந்திரம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. கட்டுரை எழுதவும் கேள்விக்கு விடை சொல்லவும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் படிப்பறிவு வேண்டாத வேலை என்று நாம் தாழ்த்திய கொழுந்தெடுப்பு இன்றும் அவற்றுக்கு எளிதில் வசப்படவில்லை. ஹான்ஸ் மொராவெக் என்ற அறிஞர் 1988இல் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். வயது வந்தோரின் தருக்கத்தை யந்திரத்துக்குக் கற்பிப்பது எளிது; ஒரு வயதுக் குழந்தையின் பார்வையையும் நடையையும் கற்பிப்பது அரிது என்பதே அவருடைய கருத்தின் சாரம். அறிவை அளக்க நாம் வைத்திருந்த கோல் தலைகீழாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

அந்தக் கோலின் கொடுமையை மலைநாடு நன்கு அறியும். தோட்டத்திலே ஒரு நாள் வேலையை "ஒரு பெயர்" என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் "அரைப்பெயர்" விழும். பெயர் என்று சொன்னாலும் அது ஆளைக் குறிப்பதில்லை, கணக்கைக் குறிப்பது. ரோபோ என்ற சொல்லின் பிறப்பும் இத்தகையதே. செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அச்சொல் வந்தது. அதன் மூலச் சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்று பொருள். எனவே யந்திரத்தை மனிதனாக்க முயல்வதற்கு நெடுங்காலம் முன்னரே, மனிதரை யந்திரமாக எண்ணும் வழக்கம் உலகில் இருந்தது.

அப்படியானால் யந்திரத்துக்கு உண்மையான அறிவு வருமா? வேறுபாடு காணும் திறன் வரும். பெரும்பகுதி வந்தும் விட்டது. அதனைப் போலி என்று இகழ்வது நேர்மையன்று. ஆனால் அறிவு என்பதிலே இன்னொரு கூறும் உண்டு. ஒரு நாளின் இலை கெட்டால் டீமேக்கருக்கு உறக்கம் வராது. கொழும்பு ஏலத்தில் விலை விழும்போது அவர் முகமும் விழும். தளிரைத் தவறாகப் பறித்தால் அரைப்பெயரால் அடுப்பு வாடும் என்பது கொழுந்தெடுக்கும் தாய்க்குத் தெரியும். மின்மூக்கு பிழைத்தாலோ அதற்கு இழப்பு எதுவுமில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத பொருள் அறிகின்றது என்று சொல்லலாம். அக்கறை கொள்கின்றது என்று சொல்ல இயலாது. அக்கறையற்ற அறிவை முழு அறிவு என்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை.

நாளை ஒருநாள், லிந்துலையின் சரிவிலே கொழுந்தைத் தேர்ந்து பறிக்கும் ரோபோ வரக்கூடும். அன்று பத்திரிகைகள் அதன் நுண்ணறிவைப் புகழ்ந்து எழுதும். அதற்குப் பாடம் சொன்ன விரல்கள் தலைமுறை தலைமுறையாக அதே காரியத்தை அரைப்பெயருக்கும் முழுப்பெயருக்கும் செய்துவந்தன என்பதை அன்று நினைப்பவர் எத்தனை பேர்? யந்திரம் செய்தால் அறிவு, ஏழைப் பெண் செய்தால் கூலிவேலை என்பது நீதியாகாது. அவள் கையில் உள்ளதும் அறிவே என்று இன்றே ஒப்புக்கொண்டு, அதற்குரிய மதிப்பையும் ஊதியத்தையும் அளிப்போமாக. அதன் பின்னர் யந்திரத்தின் அறிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.