பராசக்தியும் ரத்தக்கண்ணீரும்

‘பராசக்தி’ (1952), ‘ரத்தக்கண்ணீர்’ (1954) இரண்டையும் இயக்கியவர்கள் கிருஷ்ணன் - பஞ்சு. இரண்டிலும் தயாரிப்பாளராக நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் இருந்தார். இரண்டுமே முதலில் மேடை நாடகங்கள். இரண்டிலும் நாயகன் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறான். ‘பராசக்தி’யின் குணசேகரனைச் சென்னை ஏய்க்கிறது. ‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரம் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறான். முன்னவனாக நடித்த சிவாஜி கணேசனையும் பின்னவனாக நடித்த எம்.ஆர். ராதாவையும் எடைபோட இதைவிடத் தோதான ஜோடி அமையாது.

இருவரும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் இருவருமே இருந்திருக்கிறார்கள். ராதா 1907இல் பிறந்தவர், கணேசன் 1928இல். பெண் வேடம் கட்டிப் பழகிய கணேசன், அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்துப் பெரியார் வாயால் அந்தப் பெயரைப் பெற்றார். ராதாவோ 1937லேயே சினிமாவுக்குப் போய், சில படங்களோடு மேடைக்கே திரும்பிவிட்டவர்.

சிவாஜிக்கு வசனம் வேதம். நீதிமன்றக் காட்சியில் கலைஞரின் எழுத்தில் ஒரு சொல் சிந்தாமல், மூச்சை எங்கே இழுத்தார் என்று தெரியாமல் பேசுகிறார். ராதாவுக்கு வசனம் வெறும் சாக்கு. கரகரத்த குரல் ஒரே வாக்கியத்துக்குள் கீச்சென்று ஏறும், பிறகு சரேலென இறங்கும். குஷ்டம் முற்றிய மோகன் தடியூன்றி நிற்கும்போதும் அழவைக்க மெனக்கெடுவதில்லை, நக்கலடிக்கிறான். சிரித்தபடியே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. மிகை நடிப்பு என்று சிவாஜியை மட்டும் குறை சொல்பவர்கள் இந்த மிகையை மறந்துபோவது வேடிக்கை.

பின்னாளில் இருவரும் சேர்ந்து கலக்கிய படங்களில் ‘பலே பாண்டியா’ (1962) தனி ரகம். சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. மாமனும் மாப்பிள்ளையும் கச்சேரிக்கு உட்காரும் பாட்டில், சிவாஜி முறையாக ராகம் இழுக்க, பக்கத்தில் ராதா ஜதி சொல்லிக் கோணங்கி செய்கிறார். நம் கண் யார் பக்கம் போகிறது? எனக்கு ராதா பக்கம்தான்.

ஆனால் சினிமா சிவாஜிக்கே கைகொடுத்தது. கட்டபொம்மனை மேடையில் ஆடித் தீர்த்து 1959இல் படமாக்கினார். மறு ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது. ‘வியட்நாம் வீடு’ம் அப்படி நாடகத்திலிருந்து வந்ததே. ராதாவின் மேடையோ அன்றாட அரசியலைச் சுடச்சுடப் பேசியது. அந்த வாய்க்குப் பயந்து அரசு 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. 1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு ராதாவைச் சிறைக்கும் அனுப்பியது.

சிவாஜியின் முழு உயரமும் படச்சுருளில் இருக்கிறது. ராதாவின் பாதிதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது; அந்தப் பாதியே சிவாஜிக்குச் சமமாக நிற்கிறது.